குறைத்துச் சொன்னவளுக்கு

இன்று மூன்றாம் பாடவேளையில் நான்காம் படிவத்துக்கு மியோசிஸ் நடத்திக்கொண்டிருந்தேன். குரோமோசோம்களை நீலத்திலும் சிவப்பிலும் வெண்பலகையில் வரைந்து முடித்த நேரம், இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வந்து, "டீச்சர், டாய்லெட் போகணும். கொஞ்சம் வயித்து வலி" என்றாள். அவள் பக்கத்தில் வந்ததும் தைல வாசனை. சின்னப் போத்தலில் பச்சையாக வருமே, அந்தத் தைலம். நீ நெற்றியில் தேய்த்து, வயிற்றில் தேய்த்து, கடைசியில் என் கார் சீட்டிலும் ஏற்றிவிட்டுப் போன அதே வாசனை.

எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை நாளாக வலி, எந்தப் பக்கம், சாப்பிட முடிகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று அவளை நிற்கவைத்துக் கேட்டேன். பின்வரிசை சிரித்தது. நான் விடவில்லை. அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். தொழிற்சாலையில் பாதி வேலையில் லீவு சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து, பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். பள்ளி முடியும் நேரத்தில் அவரே கூப்பிட்டார். "ஒன்னும் இல்ல டீச்சர், காத்துதான். காலையில வெறும் வயித்துல மிளகாச் சம்பல அள்ளித் தின்னுருக்கு. நீங்க கேட்ட கேள்வியில நான் பயந்தே போயிட்டேன்லா." மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஓவர் டீச்சர்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

ஆசிரியர் அறையில் உன் மேசைக்கு இப்போது ஒரு சரித்திர ஆசிரியை வந்திருக்கிறார். நல்ல பெண்தான். ஒரு சின்னக் கள்ளிச்செடி வைத்திருக்கிறார், எனக்கும் சேர்த்தே தேநீர் வாங்கி வருகிறார். இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை. இன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மியோசிஸ் என்ற சொல்லுக்காக நாம் இரண்டு நாள் பேசாமல் இருந்தோமே, உனக்கு நினைவிருக்கும். தம்பின் பட்டணத்தில் ஆறாம் படிவம் படித்த காலம். ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். பள்ளி வாசலைத் தாண்டியதும் நான் அறிவியல் பிரிவுக்குப் போவேன், நீ இலக்கியப் பிரிவுக்கு. ஒரே வாரத்தில் அந்தச் சொல் இருவருக்கும் வந்தது. எனக்கு, ஒரு செல் தன் குரோமோசோம்களைப் பாதியாக்கிக்கொண்டு பிரிவது. உனக்கு, பெரிய விஷயத்தை வேண்டுமென்றே சின்னதாக்கிச் சொல்வது. பஸ்ஸில் உன் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க சொல்லு, நீங்க எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டேன். நீ சும்மா விடுவாயா? நூலகத்தில் தடித்த அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாய். இரண்டுக்கும் ஒரே கிரேக்க வேர், குறைத்தல் என்று பொருள் என அதில் இருந்தது. உங்கள் பொருள்தான் எங்களுடையதைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்தது என்றும் இருந்தது. "பார்த்தியா? உங்க ஆளுங்கதான் எங்ககிட்ட இரவல் வாங்கியிருக்காங்க" என்றாய். எனக்கு மூக்கு உடைந்தது. இரண்டு நாள் தனி சீட்டில் உட்கார்ந்து போனேன்.

மூன்றாம் நாள் நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். கையில் ஒரு பழைய கணக்குப் புத்தகம். பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாய். நம் தோட்டத்து ஆட்கள் குறைத்துச் சொன்னதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருந்தாய். வேலை வாங்கும் மண்டோரை நாகம் தீண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது அவர் சொன்னது, "சின்னப் பூச்சி ஒன்னு கடிச்சிருச்சி." மூன்று நாள் வலி கண்டு பிள்ளை பெற்ற கடைசி வீட்டு அக்கா, "லேசா இழுத்துப் பிடிச்சிச்சி." புயலில் கூரைத் தகரம் பறந்து போனபோது எங்கள் அம்மா, "நேத்து கொஞ்சம் காத்து." எல்லாவற்றுக்கும் மேலே உன் அப்பா. செம்பனை வெட்டும்போது மட்டை விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு கையால் கொக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து, "தோள்ல கொஞ்சம் தட்டிருச்சி, சுடுதண்ணி வை" என்றார். "வெள்ளக்காரன் இதுக்குப் பேர் வச்சி பாடம் நடத்துறான். நம்ம ஆளுங்க மூச்சு விடற மாதிரி விடறாங்க" என்று நீ சொல்ல, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம்.

உன் அம்மா போகும்வரை அது நமக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

நீ அப்போது கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தாய். சித்தப்பா விடுதிக்குப் போன் போட்டு, "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்துட்டுப் போ" என்றாராம். துக்கச் செய்தியைத் தூரத்தில் இருப்பவர்களுக்கு நம் ஆட்கள் சொல்கிற முறை அதுதான். வழியில் பிள்ளை இடிந்துபோய் விடக்கூடாதே என்று பாதியைச் சொல்வார்கள். நீ அதை அப்படியே நம்பினாய். தம்பினில் இறங்கி, நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று சந்தைக்குள் போய் ஆரஞ்சுப்பழம் வாங்கினாய். அம்மாவுக்குப் புளிப்பு ஆகாது என்று ஒன்றொன்றாக முகர்ந்து பார்த்து எடுத்தாய். தோட்டத்துப் பாதையில் திரும்பியபோது வீட்டின் முன் நீலக் கூடாரம் போட்டிருந்தது. நான் அங்கேதான் நின்றேன். உன்னைப் பார்த்தேன். நீ பழப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாய். யாரோ ஒருவர் வந்து அதை உன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். நீ அழவில்லை. கோபமாக இருந்தாய். "எங்கம்மா செத்துக் கிடக்கறாங்க. நான் சந்தையில நின்னு பழம் மோந்து பார்க்கறேன். சிரிச்சிக்கிட்டே பேரம் பேசறேன்டி. ஏன் என்னை அப்படிப் பண்ணாங்க?" என்றாய். சாம்பல் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு ஏதாச்சும் ஆச்சின்னா எங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும். நேரா சொல்லணும். கொஞ்சம் முடியலன்னு மட்டும் சொல்லிராத." அப்போது நமக்கு வயது இருபத்திரண்டோ மூன்றோ. ஏதாவது ஆகும் என்று யார் நினைத்தார்கள்? சரி என்று சத்தியம் செய்தேன்.

பிறகு எவ்வளவு காலம். உனக்கு எங்கெங்கோ மாற்றல் கிடைத்து, கடைசியில் ரெம்பாவில் என் பள்ளிக்கே ஆங்கில ஆசிரியையாக வந்தாய். நீ கல்யாணம் வேண்டாம் என்றாய். அப்பாவுக்குத் தம்பின் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கிக் கொடுத்தாய். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அவர் அந்த வீட்டின் பின்னால் நான்கு வரிசை மரவள்ளி போட்டு, வெட்டுக்காரர் மாதிரியே விடியலில் எழுந்து வேலை பார்த்தார். ரெம்பாவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் நம் வீடுகள். காலையில் என் காரில் ஏறுவாய், சாயங்காலம் இறங்குவாய். வருடா வருடம் நான் மியோசிஸ் நடத்தும் வாரத்தில், "என்ன, இரவல் சொல்ல வச்சி ஓட்டறியா?" என்று கேட்காமல் இருக்க மாட்டாய்.

அந்தத் தைல வாசனை எப்போது தொடங்கியது என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முன்னால் என்று நினைக்கிறேன். வயிறு உப்பினாற்போல இருக்கிறது என்றாய். "காத்து பிடிச்சிருக்கு" என்றாய். நான் இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். தைலக் கம்பெனிக்காரன் உனக்குத்தான் சிலை வைக்கவேண்டும் என்று கேலி செய்தேன். சோறு பாதியில் வைத்தாய். புடவை கட்டும்போது இடுப்பில் ஊசி குத்தவேண்டி வந்தது. "நல்லா இளைச்சி அழகா ஆயிட்டடி, என்ன ரகசியம்?" என்று நான் கேட்டேன். உயிரியல் ஆசிரியை நான். பதினெட்டு வருடம் மனித உடம்பைப் படம் போட்டு விளக்கியவள். உன்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

ஒரு நாள் மட்டும், ரெம்பாவ் சமிக்ஞை விளக்கில் நின்றபோது, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா இருக்கு." இடது பக்கம் கிளினிக் திறந்திருந்தது. "வீட்டுக்குப் போய் சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு" என்று சொல்லி, பச்சை விழுந்ததும் ஓட்டிவிட்டேன். போகிற வழியில் மீன் வாங்க வேறு நிறுத்தினேன். நீ காரிலேயே உட்கார்ந்திருந்தாய். பதினெட்டு வயதிலிருந்து உன் கணக்குப் புத்தகத்தை மனப்பாடமாகத் தெரிந்தவள் நான். 'கொஞ்சம் அதிகம்' என்று நம் ஆட்களில் ஒருத்தி சொன்னால் அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? ஊரார் சொன்னதற்கெல்லாம் அர்த்தம் சொல்லத் தெரிந்தது. உன்னிடம் மட்டும் புத்தி மந்தமாகிவிட்டது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் வகுப்பில் விழுந்தாய். சிரம்பான் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார்கள். சினைப்பையில் தொடங்கி வயிறு முழுக்கப் பரவியிருந்தது. நான் வருடா வருடம் பலகையில் வரையும் உறுப்பு. மியோசிஸ் நடக்கிற இடம். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் டிபார்ட்மெண்ட்லதான் பிரச்சினையாம்லா. நீ வந்து என்னான்னு கேளு" என்றாய். அப்போதும் சிரிக்கவைத்தாய், பாவி.

தாதி வந்து வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார். நீ "ரெண்டு" என்பாய். நெற்றியில் வேர்வை கோத்து நிற்கும், போர்வையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கும், வாய் மட்டும் ரெண்டு என்னும். முதல் நாள் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் பொறுக்கமுடியவில்லை. "எட்டு போடுங்க மிஸ்ஸி" என்றேன். நீ என்னை முறைத்தாய். மருந்து ஏறி, முகம் கொஞ்சம் தளர்ந்த பிறகு, "ஒம்போது" என்று முணுமுணுத்தாய். அன்று நான் வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன். உன் பேச்சை நான் ஒரே ஒரு முறை திருத்தினேன். அதையும் அரை வருடம் பிந்தித் திருத்தினேன்.

அப்பாவிடம் "கொஞ்சம் கட்டி, எடுத்துட்டா சரியாயிரும்" என்று சொல்லி வைத்திருந்தாய். ஞாயிறு தோறும் மோட்டாரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். உனக்கு அவர் மரவள்ளி அவித்துக் கொண்டுவருவார், நீ ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு ருசியாக இருப்பதாகச் சொல்வாய். அவர் போன பிறகு கைத்துண்டில் துப்புவாய். நேராகச் சொல்லவேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள்தானே நீ என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "அது செத்த பிறகு. இருக்கறப்ப நான் பார்த்துக்கறேன்" என்றாய்.

ஒரு புதன்கிழமை காலை, பத்து மணி இருக்கும். நான் உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு நீளமாக வந்தது, பிறகு வரவில்லை.

உன் அப்பாவைக் கூப்பிட போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். என்ன சொல்லவேண்டும் என்று மனதில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். "மாமா, அவ போயிட்டா." மூன்றே சொல். இரண்டாம் மணியிலேயே எடுத்தார். பின்னால் சேவல் கூவியது. "சொல்லும்மா" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் வேறு பக்கம் போய்விட்டது. "மாமா… அவளுக்குக் கொஞ்சம் முடியல. வந்துட்டுப் போங்க" என்றேன். "சரிம்மா. சட்டை மாத்திக்கிட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். தம்பினிலிருந்து சிரம்பானுக்கு மோட்டாரில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் எனக்கு ஒரே பயம்தான். வழியில் எங்காவது நிறுத்தி உனக்குப் பழம் வாங்கிக்கொண்டிருப்பாரோ, புளிப்பில்லாததாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று. உன் அம்மாவுக்கு நீ செய்ததை உனக்கு அவர் செய்ய நான் வழி பண்ணிவிட்டேனே.

வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். மோட்டார்க் கூடையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவரே பக்கத்தில் வந்து பையை என் கையில் கொடுத்தார். உள்ளே உன் மாம்பழ நிறப் பட்டுப்புடவை. பட்டமளிப்புக்குக் கட்டினாயே, அது. மடிப்புக் கலையாமல் பழைய நாளிதழில் சுற்றியிருந்தது. மேலே ஒரு குங்குமச் சிமிழ்.

"மாமா, நான் உங்ககிட்ட…" என்று தொடங்கினேன்.

"நீ கொஞ்சம்னு சொன்னே. மிச்சத்த நானே போட்டுக்கிட்டேன்மா" என்றார். பிறகு அன்று முறிந்த அந்தத் தோளைத் தடவிக்கொண்டு, "நீ நேரா சொல்லியிருந்தா நான் வண்டியத் தொட்டிருக்க மாட்டேன். தெரியும், இருந்தாலும் கொஞ்சம்தான், கொஞ்சம்தான்னு சொல்லிக்கிட்டே ஓட்டிட்டு வந்துட்டேன்" என்றார். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. உன்னைப் பார்த்த பிறகுதான் அழுதார்.

அவருக்கு நான் செய்தது நல்லதாகவே போயிற்று. உனக்குக் கொடுத்த சத்தியம் போயிற்று. இரண்டும் உண்மை, எதைச் சொல்லி எதை மறைக்க?

வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பாதியாகக் குறைந்துபோன செல்லால் என்ன பயன், டீச்சர்? நான் பலகையில் இன்னொரு பாதியை வரைந்து காட்டுவேன். அது வந்து சேர்ந்தால்தான் உயிர். சேரும் என்று நம்பித்தான் இது தன்னைப் பாதியாக்கிக்கொள்கிறது என்பேன். நம் ஆட்களின் பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. சொல்கிறவர் பாதியைச் சொல்கிறார். கேட்கிறவர் மிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். உன் சித்தப்பா பாதி சொன்னார், நீ இளம்பெண், மிச்சம் உனக்குத் தெரியவில்லை. நான் பாதி சொன்னேன், உன் அப்பா மிச்சத்தோடு வந்து நின்றார். நீ எனக்கு ஆறு மாதம் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய், ஒவ்வொரு நாளும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து. நான் எதையும் கொண்டுவரவில்லை.

மாமாவை ஞாயிறு தோறும் போய்ப் பார்க்கிறேன். சாப்பிட்டேன் என்று சொன்னால் பானையைத் திறந்து பார்க்கிறேன். "என்னம்மா போலீஸ் மாதிரி வர" என்று திட்டுகிறார். போன வாரம், மரவள்ளி பிடுங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் குனிந்து நின்றார். கேட்டதற்கு, "கொஞ்சம் அடைச்ச மாதிரி" என்றார். அப்படியே மண் கையோடு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இரத்தக்குழாயில் அடைப்பு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், வைத்தியம் நடக்கிறது, இருப்பார். சரியான நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. உனக்குச் செய்யாததை அவருக்குச் செய்து ஈடு கட்டிவிட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்குச் செய்யவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பரவாயில்லை என்கிறேன். சரித்திர ஆசிரியையிடம், இன்று கொஞ்சம் தலைவலி என்றேன். அவர் நம்பிவிட்டார், பாவம், மாத்திரை கொடுத்தார். மிச்சத்தைப் போட்டுக்கொள்ள அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஆனாலும் நேராகச் சொல் என்று நீ கேட்டதை உனக்காவது செய்கிறேன். ஒன்றும் குறைக்காமல் சொல்கிறேன்.

நீ இல்லாம என்னால முடியலடி.